களைப்பா இருக்குன்னு கொரிய மொழியில் சொல்லக் கற்றுக்கொண்ட கதை



போன வாரம் நான் போட்ட ஒற்றை வார்த்தைப் பதிவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் போன் செய்துவிட்டீர்கள். "பிகொன்ஹேயோ" என்று மட்டும் எழுதியிருந்தேன். "டீச்சர் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, லிங்க் வந்தா தொடாதீங்க" என்று ஒருவன் குரூப்பில் எச்சரிக்கையே விட்டுவிட்டான். என் தம்பி அரூரிலிருந்து கூப்பிட்டு, "அக்கா, பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டான்.

யாரும் ஹேக் பண்ணவில்லை. மாத்திரையும் போட்டேன். "களைப்பா இருக்குங்க" என்பதைக் கொரிய மொழியில் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகும். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் படிக்காமலே லைக் போடுங்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

எல்லாம் பேத்தியால் வந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கொரியப் பாட்டு, கொரிய நாடகம், சுவரில் கொரியப் பையன்கள் படம். புதுயுகம் டிவியில் கொரிய நாடகங்களைத் தமிழில் பேசவைத்துப் போட்ட காலத்தில் நானே இரண்டொன்று பார்த்திருக்கிறேன் என்பதால் திட்டவும் முடியவில்லை. முட்டிவலியால் நான் வீட்டோடு இருக்கிறேன். அவள் போனில் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு நாள், "ஆயா, சும்மாதான இருக்க, நீயும் படியேன்" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் அ, ஆ எழுதிப்போட்ட கைக்கு இன்னொரு மொழியின் எழுத்தைப் பார்த்தால் அரிப்பு எடுக்காதா? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னேன்.

எழுத்து சுலபம். சேஜோங் என்ற அரசர் 1443-ல் உருவாக்கி 1446-ல் நாட்டுக்கு வெளியிட்டது. எளிய ஜனங்களும் படிக்கவேண்டும் என்றே செய்தது. அடிப்படை எழுத்து 24தான், 14 மெய், 10 உயிர். நம்முடைய உயிர்மெய் மாதிரி மெய்யையும் உயிரையும் ஒரே கட்டத்துக்குள் சேர்த்து எழுதுகிறார்கள். 'பம்பரம்' என்பதில் முதல் ப-வுக்கு ஒரு சத்தம், நடு ப-வுக்கு வேறு சத்தம், எழுத்து ஒன்றுதான் அல்லவா? அங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். இன்னொரு விஷயம் கேளுங்கள், குற்றியலுகரம் அங்கே இருக்கிறது! 'நேத்து' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருமே, அந்தச் சத்தத்துக்கு அவர்கள் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள், படுத்த ஒரே கோடு. குற்றியலுகரத்துக்கு என்னிடம் குட்டு வாங்கியவர்கள் இப்போது சந்தோஷப்படலாம்.

வாக்கிய அமைப்பும் நம்மைப் போலத்தான். வினை கடைசியில். 'நான்', 'நீ' சொல்லாமல் விட்டாலும் புரியும். இதை வைத்துக்கொண்டு "கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1886-ல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கொரியாவுக்குப் போன ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். இன்றைய மொழியியல்காரர்கள் அதை ஏற்பதில்லை. உறவு இல்லாமலே ஒரே ஜாடையில் இரண்டு பேர் இருப்பதில்லையா, அந்த மாதிரி.

சரி, களைப்புக்கு வருகிறேன்.

பேத்தியின் பாடத்தில் 'இன்று எப்படி இருக்கிறீர்கள்' என்று ஒரு பகுதி. சந்தோஷம், கோபம், பசி எல்லாம் ஆளுக்கு ஒரு வார்த்தை. களைப்பு வந்ததும் வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

'பிகொன்ஹே' என்றால் களைப்பா இருக்கு. இது தோழிகளிடம் சொல்வது. பெரியவர்களிடம் சொல்லும்போது கடைசியில் ஒரு 'யோ' சேர்க்கவேண்டும், 'பிகொன்ஹேயோ'. பேத்திக்கு இதைப் புரியவைக்க அந்த ஆப் நாலு பக்கம் எழுதியிருந்தது. நான் ஒரே வரியில் சொன்னேன்: "நாம 'இருக்கு', 'இருக்குங்க'ன்னு சொல்றோமில்ல, அந்த 'ங்க'தான் இந்த 'யோ'." அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பணி ஓய்வு நாளன்று போட்ட மாலை கூட அப்படி மணக்கவில்லை.

'ஜொல்லியோயோ' என்றால் தூக்கம் வருது. களைப்பு வேறு, தூக்கம் வேறு. 'ஜிச்சொஸ்ஸொயோ' என்றால் ஓய்ஞ்சே போயிட்டேன், இனி ஒன்றும் மிச்சம் இல்லை. அதற்கும் மேலே போனால் 'பிகொன்ஹே ஜுகெஸ்ஸொ', களைப்பில் செத்துடுவேன் போல இருக்கு. (வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் பேத்தி இதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். அர்த்தம் தெரியாத வரை எனக்குப் பிரச்சினை இல்லை, தெரிந்ததும் வாயை மூடச் சொன்னேன்.) ரொம்ப ஓய்ந்து போனவனை 'வெங்காயத்தாள் கிம்ச்சி ஆகிட்டான்' என்பார்களாம். உப்பிலும் மிளகாயிலும் ஊறித் துவண்டு கிடக்கும் வெங்காயத்தாள். நாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு என்கிறோம், அவர்கள் ஊறுகாய் ஆகிவிட்டேன் என்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஹிம்துரொயோ'. 'ஹிம்' என்றால் பலம். அடுத்து வருவது, உள்ளே போகிறது, செலவாகிறது என்ற அர்த்தமுள்ள வினை. பலம் செலவாகிறது. கஷ்டமான வேலைக்கும் இதே சொல், உடம்பு ஓய்ந்தாலும் இதே சொல், மனசு தாங்கவில்லை என்றாலும் இதே சொல். இதற்குத் தமிழ் என்ன என்று பேத்தி கேட்டாள். களைப்பு, சோர்வு, அசதி, அலுப்பு, ஆயாசம் என்று அடுக்கினேன். ஒன்றும் சரியாக உட்காரவில்லை. ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது: 'முடியல'. உடம்புக்கும் முடியல, மனசுக்கும் முடியல, இந்த வெயிலும் முடியல. நிகண்டு எல்லாம் தேடிவிட்டு வாயில் இருப்பதை மறந்திருக்கிறேன்.

இவ்வளவு சொல் ஏன் வைத்திருக்கிறார்கள் என்றால், அவ்வளவு உழைக்கிற, உழைக்கவைக்கிற நாடு. அதிக வேலையால் வரும் சாவுக்கே 'க்வாரோசா' என்று ஒரு சொல் இருக்கிறது. வாரத்துக்கு 68 மணி நேரம் வரை இருந்த வேலை உச்சவரம்பை 2018-ல்தான் 52 ஆகக் குறைத்தார்கள். நமக்கு 1948 தொழிற்சாலைச் சட்டப்படி வாரம் 48 என்று இருந்தது. அதையும் நெகிழ்த்தி ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி செய்கிற திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் நிறைவேறியது, எதிர்ப்பு வந்து மே 1-ம் தேதி திரும்பப் பெற்றார்கள். அந்த இரண்டு வாரமும் ஓசூரில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. நம் ஊரில் பாதி வீட்டுக்குக் காலண்டரே ஷிப்ட்தானே.

இனி 'சுகோ'.

என் மாணவன் ஒருவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் இருக்கிறான். 1996-ல் ஹூண்டாய் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் கொரியக்காரர்கள் ஏராளம், கடைப் பலகைகூடக் கொரிய எழுத்தில் இருக்கிறது என்பான். நான் கொரிய மொழி படிக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டு அவன் கதையைச் சொன்னான். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது ஒரு கொரிய இன்ஜினியர் தினமும் இவனைப் பார்த்து ஏதோ சொல்வாராம். 'சுகோ' என்பது மட்டும் காதில் விழும். இவன் 'சுகமா' என்று கேட்கிறார் போல என்று நினைத்து, "சுகம் சார், நீங்க சுகமா?" என்று பதில் சொல்லியிருக்கிறான். இரண்டு வருஷம்! அவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டே போயிருக்கிறார்.

அவர் சொன்னது 'சுகோ ஹஷ்யொஸ்ஸும்நிதா'. பாடுபட்டீர்கள் என்று அர்த்தம். வேலை முடிந்து பிரியும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வார்த்தை. அதில் ஒரு மரியாதைச் சிக்கலும் உண்டு. வயதில் சின்னவர் பெரியவரைப் பார்த்து இதைச் சொல்வது அவ்வளவு சரியில்லை என்று பழைய ஆட்கள் நினைப்பார்களாம். உன் உழைப்புக்கு நான் மார்க் போடுகிறேன் என்கிற மாதிரி ஆகிவிடுமோ என்னவோ. மூத்தவர் இளையவரிடம் சொல்லலாம். அப்போது சுருக்கமாக 'சுகோஹெஸ்ஸொ'.

நம்மிடம் இதற்கு நேர் வார்த்தை இல்லை. இருந்தாலும் வீட்டுக்கு வருகிறவரை "சாப்பிட்டியா?" என்று கேட்கிறோமே, அதில் பாதி இது இருக்கிறது. கொரியக்காரர்களும் "சோறு சாப்பிட்டீங்களா" என்றுதான் நலம் விசாரிக்கிறார்கள் என்று படித்தபோது சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது எழுதத் தயங்குகிற பகுதி. மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, நாலு பேர் டெஸ்ட் எடுப்பாங்க" என்றாள்.

அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். பி ஷிப்ட் வாரம் என்றால் கம்பெனி பஸ் ராத்திரி பதினோரு மணிக்கு முனையில் இறக்கிவிடும். காலை ஐந்தரைக்கு எழுந்து பிள்ளைக்கு டப்பா கட்டுவாள். மகனுக்குப் பெங்களூரில் வேலை, அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டி வந்து சேரும்போது அவனும் பாதி ஆள்தான். போன கோடையிலிருந்து மருமகள் சரியாகப் பேசுவதில்லை. வந்தால் நேராக உள்ளே போய்விடுவாள். கேட்டால் "ஒண்ணுமில்ல அத்தை". நான் என்ன நினைத்தேன்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், என் மேல் ஏதோ கோபம் என்று. என் மகளிடம் போனில் அப்படியே சொல்லவும் செய்தேன். மாமியார் புத்தி, வேறென்ன.

ஒரு நாள் ராத்திரி பேத்தி தூங்காமல் காத்திருந்தாள், மறுநாள் லீவு. அம்மா உள்ளே வந்ததும் "ஒம்மா, பிகொன்ஹேயோ?" என்று கேட்டாள். ஒம்மா என்றால் அம்மாதான். மருமகள் புரியாமல் பார்த்தாள். பேத்தி விடவில்லை, "பதில் சொன்னாத்தான் சாப்பாடு, சொல்லு, ஹிம்-து-ரொ-யோ" என்று சொல்லிக்கொடுத்தாள். மருமகள் சிரித்துக்கொண்டே ஒரு தடவை சொன்னாள். "உதட்டைக் குவிக்காத, ஆயா திட்டும்" என்று பேத்தி திருத்தினாள். இரண்டாவது தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது சிரிப்பு இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"முடியலன்னு அர்த்தம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. லைன்ல நிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நாலஞ்சு மாசமா" என்றாள்.

மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்கவேண்டும். "இதை வெச்சுக்கிட்டா எட்டு மணி நேரம் நின்னீங்க?" என்று டாக்டரம்மா அவளைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று அரசாங்கத்தின் குடும்பநல ஆய்வே சொல்கிறது. பள்ளியில் சத்து மாத்திரை கொடுக்கும் நாளில் வரிசையில் நிற்கவைத்து விழுங்கவைத்தவள்தான் நான். வீட்டில் ஒருத்தி வெளுத்துக்கொண்டே வந்தது என் கண்ணில் படவில்லை. ஊசி போட்டார்கள், இப்போது பத்தைத் தாண்டிவிட்டது. யாரும் பயப்படவேண்டாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்று கேட்டேன். "களைப்பா இருக்குன்னு சொன்னா வேலைக்குப் போகாதன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் அத்தை" என்றாள். நான் வேலைக்குப் போனவள். 'டீச்சருக்கென்ன, நிழல்ல உக்காந்து சம்பளம்' என்று கேட்டே காலம் போனது, அதனால் ஒரு நாளும் அலுப்பு என்று வாயைத் திறந்தது கிடையாது. அதே பயம்தான் எனக்கும் அன்று. ஆனாலும் எனக்கு அவள் பயம் தெரியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தூங்காத தலையில் வந்தது வேறு ஒரு முகம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே உண்மையில் அதற்காகத்தான்.

1989. சூளகிரி பக்கம் ஒரு ஊரில் நாலாம் வகுப்பு. நான் அரூர்க்காரி, அங்கே போய் மூன்று வருஷம் ஆகியும் தெலுங்கு வராது, கன்னடமும் வராது. வகுப்பில் பாதிக் குழந்தைகள் வீட்டில் தெலுங்கு, கால்வாசி கன்னடம். இது எல்லை ஊர் வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. கன்னடக் குழந்தை 'சுஸ்து' என்றால் களைப்பு என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

கணக்குப் பாடம் நடக்கும்போது ஒரு பெண் குழந்தை சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். எழுப்பி, ஏன் தூங்குகிறாய் என்று கேட்டேன். எழுந்து நின்று, "அலசிப் போயினானு, டீச்சர்" என்றாள்.

எனக்கு அலசுவது என்றால் துணி அலசுவதுதான். "என்னத்த அலசின? துணியா, பாத்திரமா?" என்று கேட்டேன். தெலுங்குக் குழந்தைகள்தான் முதலில் சிரித்தார்கள். நான் ஏதோ நகைச்சுவை செய்துவிட்டேன் என்று எனக்கும் உற்சாகம். "நாளைக்கு நல்லா அலசிட்டு வந்து தூங்கு" என்று இன்னொன்றும் சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயர் 'அலசி'.

ஒரு மாதம் கழித்துச் சத்துணவு சமைக்கும் அம்மாதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அலசிப் போறதுன்னா ஓஞ்சு போறதும்மா. அவங்க வூட்ல அப்போ பட்டுப்புழு கடைசித் தீனியில இருந்துது."

பட்டுப்புழு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புழு மொத்தம் இருபத்தைந்து நாள் தின்னும், ஆனால் நாலாவது தோலுரிப்பு முடிந்த பிறகு வரும் ஒரு வாரத்தில்தான் பெரும்பங்கு இலையைத் தின்றுதீர்க்கும். ராத்திரி பகல் கிடையாது. அந்த வாரம் வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோரும் மல்பெரி இலை வெட்டவேண்டும், தட்டுத் தட்டாகப் போடவேண்டும். விட்டால் ஒரு மாத உழைப்பும் போச்சு. அந்த ஒன்பது வயதுக் குழந்தை ராத்திரி இரண்டு மணி வரை இலை போட்டுவிட்டுக் காலையில் பள்ளிக்கும் வந்திருக்கிறாள். லீவு போடாமல் வந்தவளை நான் சிரிக்கவைத்துப் பார்த்தேன்.

அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொன்னேனா என்றால், இல்லை. வாத்தியார் பிள்ளையிடம் தப்பு என்று சொல்லும் வழக்கம் அப்போது கிடையாது, எனக்கும் தைரியம் கிடையாது. பட்டப்பெயர் சொல்லக்கூடாது என்று வகுப்பில் பொதுவாக ஒரு அதட்டல் போட்டேன், அதில் அது இன்னும் பரவியது. அதற்குப் பிறகு வகுப்பில் அவள் தூங்கவே இல்லை, பேசவும் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடித்து நின்றுவிட்டாள்.

நான் 2018-ல் ஓய்வு பெறுவதற்குள் தெலுங்கு சுமாராகவும் கன்னடம் கடையில் பேரம் பேசும் அளவுக்கும் கற்றுக்கொண்டேன். அவளிடம் பேசும் அளவுக்குக் கற்றபோது அவள் இல்லை.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் பெயரையோ அந்தப் பட்டப்பெயரையோ கீழே கமெண்டில் எழுதாதீர்கள். பேரிகைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்வி. நம்பர் கிடைத்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அவள் பேசச் சம்மதித்தால் மட்டும்.

மற்றவர்கள், உங்கள் வீட்டில் களைப்புக்கு என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். தெலுங்கு, கன்னடம், உருது, லம்பாடி எதுவானாலும் சரி. பேத்தி ஒரு நோட்டு போட்டிருக்கிறாள், எழுதிவைக்கலாம்.

மணி பத்தே முக்கால். இந்த வாரம் மறுபடியும் பி ஷிப்ட். வாசல் லைட்டைப் போட்டுவிட்டு ரசத்தைச் சுடவைக்கவேண்டும். "சுகோஹெஸ்ஸொ" என்று இப்போதெல்லாம் தினமும் சொல்கிறேன். உச்சரிப்பு சரியில்லை என்று மருமகள் திருத்துகிறாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்